பொருந்தவில்லை

எனக்கு ஒரு சக்களத்தி உண்டு. பயந்துவிட வேண்டாம், அது ஒரு கணினி மொழி. கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் மொழிகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் இது சின்னது. யாருக்கும் சொந்தமில்லாதது. உலகத்தில் அங்கங்கே இருக்கும் சிலர் சம்பளமில்லாமல் கூடி வளர்ப்பது. வேண்டியவர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். பகலெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்துவிட்டு வரும் என் வீட்டுக்காரர், கை கழுவிய ஈரம் காய்வதற்குள் அவளிடம்தான் போய் உட்காருவார். கல்யாணமான புதிதில் சண்டை போட்டேன். பிறகு நானும் அவளோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்டேன்.

அவளுக்கு இவர் செய்யும் சேவகம் இரண்டு. புதுப் பதிப்பு வரும்போது அதைத் தயாரித்து, கையெழுத்திட்டு அனுப்புவது ஒன்று. செய்தி எழுதுவது இன்னொன்று. பதிப்பில் என்ன புதிது, எந்தக் கோளாறு சரியானது, யார் சேர்ந்தார்கள், யார் விலகினார்கள், அடுத்த கூட்டம் எங்கே என்று எல்லாம் அதில் வரும். புரோகிராம் எழுத ஆள் ஆளாக வருவார்கள். அதைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னால் ஆளுக்கொரு பக்கம் நழுவுவார்கள். இவர் மட்டும் பெண் பார்க்க வருகிறார்கள் என்பது மாதிரி ஒவ்வொரு வரியையும் சீவிச் சிங்காரித்து அனுப்புவார். நன்றாக இருக்கிறது என்று ஒரு நாதி சொன்னதில்லை. சமீபத்தில்தான் முகம் தெரியாத ஒருவர் வந்தார். உங்கள் செய்திகளைத் தவறாமல் படிக்கிறேன், உங்கள் நடை பிரமாதம், உதவிக்கு வரட்டுமா என்று எழுதினார். இவர் அதைச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். அந்த ஆளுக்கு ரசிகர் என்று நான்தான் பெயர் வைத்தேன்.

கையெழுத்து விஷயத்தில் ஒரு கறாரான வழக்கம் உண்டு. அதைக் கொண்டுவந்தவர் இவர்தான், லிஃப்ட் வேலையிலிருந்து கொண்டுவந்தார். லிஃப்ட்டைப் பழுது பார்க்கும்போது மேலே மோட்டார் அறையில் ஒருவர், கீழே குழியில் ஒருவர் இருப்பார்கள். இரண்டு பேரும் மெயின் சுவிட்சில் ஆளுக்கொரு பூட்டு மாட்டுவார்கள். அவரவர் பூட்டை அவரவரே கழற்றினால்தான் மின்சாரம் வரும். இங்கேயும் அப்படித்தான். இரண்டு பேர் தனித்தனியாகத் தங்கள் கணினியில் பதிப்பைக் கட்ட வேண்டும், அதாவது எழுதி வைத்த மூலத்தை ஓடும் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். மூலம் ஒன்றானால் இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றாகவே வரும். ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒரு கைரேகை உண்டு. இருவரும் முடிக்கும் வரை ஒருவர் கைரேகையை இன்னொருவர் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. பொருந்தினால் அவரவரிடம் இருக்கும் ரகசியச் சாவியால் இரண்டு கையெழுத்தும் விழும். பொருந்தாவிட்டால் எல்லாம் நிற்கும்.

அந்த இரண்டாவது கையெழுத்து என் கொழுந்தனுடையது. மாடியில்தான் இருக்கிறார். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. அந்த மொழியில் புதிதாக ஒரு பகுதியைச் சேர்க்க வருஷம் முழுக்கக் கண் விழித்து உழைத்தார் தம்பி. ஓட்டெடுப்பில் இரண்டு பக்கமும் சமமாக வந்து நிற்க, அண்ணன் ஓட்டு எதிராக விழுந்தது. அதைக்கூடத் தம்பி பொறுத்திருப்பார். ஆனால் இவர் அதை முதலில் செய்தியில் எழுதிவிட்டார். மாடியில் உட்கார்ந்திருந்த தம்பி ஊரோடு சேர்ந்து படித்துத் தெரிந்துகொண்டார். அதோடு பேச்சு நின்றது. இணையத்தில் மொழிக்காரர்களின் பொதுப் பலகையில் மட்டும் 'மதிப்புக்குரிய தோழருக்கு' என்று எழுதிக்கொள்வார்கள். ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருந்துகொண்டு அடிக்கும் இந்தக் கூத்தைப் பார்த்து எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். ஒருவரையொருவர் கேட்கக் கூடாது என்கிற விதி வேறு இவர்கள் ஊமை நாடகத்துக்கு வசதியாகப் போயிற்று.

இந்த நிலையில்தான் மொழியில் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்தது. அதை அறிந்தவன் அந்த மொழி ஓடும் எந்தக் கணினிக்குள்ளும் கதவைத் தட்டாமல் போகலாமாம். நான் ரத்த வங்கியில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். எந்தப் பை எந்த வகை, எந்த நோயாளிக்குப் போகிறது என்ற விவரம் எல்லாம் அங்கே அந்த மொழியில் எழுதிய புரோகிராமில்தான் இருக்கிறது. இவர் பேச்சைக் கேட்டு அதை அங்கே சிபாரிசு செய்தவளே நான்தான். எவனாவது உள்ளே புகுந்து ஒரே ஒரு எழுத்தை மாற்றினால் ஓர் உயிர் போகும்.

ஓட்டையைச் சிலருக்குள் ரகசியமாக வைத்துக்கொண்டு அடைக்கும் வேலையைச் செய்தார்கள். புதுப் பதிப்பும் செய்தியும் ஒரே நேரத்தில் வெளியாக வேண்டும். இவர் செய்தியை முன்கூட்டியே எழுதி, நேரம் குறித்து வைத்திருந்தார். குறித்த நேரம் வந்ததும் அது தானாக எல்லாருக்கும் போய்விடும். அன்று எனக்கு மதிய ஷிஃப்ட். காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த இவர் செய்தி போனதைப் பார்த்து நாற்காலியில் சாய்ந்தார். அடுத்த நொடி நிமிர்ந்தார். கையெழுத்துக்காரர்கள் இணையத்தில் வைத்திருக்கும் தனி அறையில் தம்பி ஒரே ஒரு சொல் போட்டிருந்தார்: பொருந்தவில்லை.

பதிப்பு நின்றுவிட்டது. செய்தி நிற்கவில்லை. இத்தனை காலத்தில் கைரேகை ஒருமுறைகூடப் பொருந்தாமல் போனதில்லை. அதனால் பதிப்பு நின்றால் செய்தியும் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

"வாசல் எங்க தொறந்து கெடக்குன்னு திருடனுக்குத் தெரியற மாதிரி ஊரைக் கூட்டிச் சொல்லிட்டேன்," என்றார் இவர். "பூட்டு இன்னும் என் கையிலயே இருக்கு."

திரையில் செய்திகள் கொட்டத் தொடங்கின. பதிப்பு எங்கே, எவ்வளவு நேரம் ஆகும், பொறுப்பில்லையா என்று வசவும் கெஞ்சலுமாக வந்தன. என் போனும் அடித்தது. ரத்த வங்கியின் கம்ப்யூட்டர்காரர் பேசினார். செய்தியைப் பார்த்தாராம், புதுப் பதிப்பைக் காணோமாம். இணையத்தைத் துண்டித்தால் மற்ற ஆஸ்பத்திரிகளின் கோரிக்கை வராது, துண்டிக்காவிட்டால் இந்த ஓட்டை. சீக்கிரம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

விதியில் ஒரு மாற்று வழி இருந்தது. இரண்டாமவர் கிடைக்காவிட்டால் மூன்றாவது சாவி வைத்திருப்பவர் கையெழுத்திடலாம். அவர் வெளிநாட்டில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. வாத்தியாரம்மா என்போம். என்னுடைய பழைய மெஷினில் கட்டி முடிக்க நேரமாகும், உங்கள் வார்த்தையே எனக்குப் போதும், சரியென்று சொன்னால் இப்போதே போடுகிறேன் என்று எழுதியிருந்தார். போடுங்கள், போடுங்கள் என்று மற்றவர்களும் நெருக்கினார்கள்.

இவருக்குத் தன் வேலையில் சந்தேகமே இல்லை. "நான் கட்டினது சுத்தம். மேல இருக்கறவன் மனசுதான் சுத்தமில்ல. நேரம் பார்த்துப் பழி வாங்கறான்."

எனக்கு வந்த கோபத்தில் கத்தியை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஏறினேன். ரத்தத்தோடு விளையாடுகிறாயா என்று கேட்கத்தான் போனேன். உள்ளே தரையில் மூன்று கணினிகள் பரப்பிக் கிடந்தன. ஒன்று பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது. நடுவில் கொழுந்தன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் வன்மம் இல்லை. பேயறைந்தவர் போல இருந்தார்.

மூன்றிலும் கட்டிப் பார்த்துவிட்டாராம். மூன்றும் ஒன்று போலவே வருகின்றன, அண்ணனுடையது மட்டும் வேறாக இருக்கிறது. "அண்ணா மெஷின்ல எவனோ பூந்திருக்கான், அண்ணி. அந்தப் பதிப்பு வெளிய போச்சுன்னா, ஓட்டைய அடைக்க நெனைக்கறவங்க எல்லாரும் திருடனைத் தாங்களே வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போவாங்க."

இதைக் கீழே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செய்தியாவது நின்றிருக்குமே என்றேன். தன் பக்கம்தான் தப்பு என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். விதிப்படி இனி அண்ணன் சாவியை ரத்து செய்தாக வேண்டும். இத்தனை நாள் கழித்து முதல் பேச்சாக அதையா சொல்வது என்று தயங்கியிருக்கிறார். நீங்களே சொல்லிவிடுங்கள் அண்ணி என்று கெஞ்சினார்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரியா? எழுந்து வாங்க," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

கீழே இவர் வாத்தியாரம்மாவுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தார். சரி, போடுங்கள் என்பதுதான் பதில். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. என் போன் மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. தம்பி வாசற்படியில் நின்றார். இவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணா, அனுப்பாதீங்க."

இவர் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. "எத்தனை தடவ கட்டிப் பார்த்த?"

"எண்ணலண்ணா."

தெருவில் போகும் பஸ்ஸைக்கூட எண்ணுகிற பிள்ளை என் கொழுந்தன். கோபத்தில் செய்திருந்தால் கணக்கோடு வந்து நின்றிருப்பார். அது எனக்கே தெரியும்போது கூடப் பிறந்தவருக்குத் தெரியாதா? இவர் விரலை எடுத்தார்.

இந்த மெஷினில் புதிதாக ஏதாவது ஓட்டினீர்களா என்று தம்பி கேட்டார். இல்லை என்று சட்டென்று சொன்ன இவர், பிறகு ரசிகரின் பெயரைச் சொன்னார். பதிப்பு கட்டும் கணினியில் வேறு எதையும் ஓட்டக் கூடாது என்பது இவரே எழுதிய விதி. ஆனால் ரசிகர் ஒரு சின்ன புரோகிராம் அனுப்பியிருந்தார். மாற்றங்களைத் தொகுத்து செய்திக்கு வரைவு போட்டுத் தருமாம். ஆசையில் இதே மெஷினில் ஓட்டிவிட்டார்.

இரண்டு தலைகளும் ஒரே திரைமேல் கவிழ்ந்தன. எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. தம்பி ஓரிடத்தில் விரல் வைத்ததும் இவர் கண்ணை மூடிக்கொண்டது மட்டும் புரிந்தது. ரசிகரைத் தேடினார்கள். ஆள் எப்போதோ மாயமாகிவிட்டிருந்தார்.

"நல்லா எழுதறேன்னு சொன்னாருடா," என்றார் இவர்.

அந்தக் குரலைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. திட்ட வாயெடுத்தவள் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நல்லாத்தான் எழுதுவீங்க," என்றார் தம்பி. "நான் ஒண்ணு விடாம படிக்கறேன்."

சாவியைப் பற்றித் தம்பி வாயைத் திறக்கும்படி இவர் வைக்கவில்லை. தானே அந்தப் பக்கத்தைத் திறந்தார். ரத்து செய்தால் மீட்க முடியாது, நிச்சயமா என்று திரை கேட்டது. ஆம் என்று அடித்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்து வைத்திருந்த சாவி அது. பிறகு வாத்தியாரம்மாவுக்கு உண்மையைச் சொல்லி, யார் வார்த்தையையும் நம்பாமல் எவ்வளவு நேரமானாலும் நீங்களே கட்டிப் பாருங்கள் என்று எழுதினார்.

அந்த அம்மாவின் மெஷின் ஆமை வேகம். ரத்த வங்கியில் இணையத்தைத் துண்டிக்கச் சொன்னேன். கோரிக்கைகளை போனிலேயே வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள், எரிச்சலோடு. நாங்கள் மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நறுக்கிய காய் வாடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் இவர் தம்பியின் கணினியை வாங்கி அடுத்த செய்தியை எழுதினார். 'கையெழுத்துக்காரர்களில் ஒருவர்' என்று போட்டால் போதாதா, பெயர் எதற்கு என்றார் தம்பி. இவர் கேட்கவில்லை. தன் பெயரைப் போட்டு, தான் மீறிய விதியைப் போட்டு, தடுத்தவர் யார் என்பதையும் போட்டார். அனுப்புவதற்கு முன் தம்பியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். தம்பி நிதானமாகப் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

ஒருவழியாக வாத்தியாரம்மாவின் கைரேகை வந்தது. பொருந்தியது. தம்பி கையெழுத்து, அந்த அம்மா கையெழுத்து இரண்டும் விழுந்து பதிப்பு வெளியே போனது. பின்னாலேயே செய்தியும் போனது.

கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர்காரர் கூப்பிட்டார். செய்தியை வரிவிடாமல் படித்திருக்கிறார், குரலிலேயே பயம் தெரிந்தது. உங்கள் வீட்டுக்காரர் மெஷினிலேயே திருடன் புகுந்துவிட்டானாமே, இந்தப் பதிப்பை நம்பிப் போடலாமா, உயிர் விஷயம், நீங்கள் சொன்னால் போடுகிறேன் என்றார்.

போனைப் பொத்திக்கொண்டு இவரிடம் கேட்டேன்.

"என் கையெழுத்து அதுல இல்லன்னு சொல்லு," என்றார் இவர். "தைரியமா போடுவார்."

அதை அப்படியே சொன்னேன். சரிங்கம்மா, அப்போ போட்டுடறேன் என்று அவர் உடனே போனை வைத்துவிட்டார்.