கையெழுத்து வேண்டாமென்றவர்

ஆலங்கட்டி மழை ஓய்ந்த மறுநாளே, கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் தெருவில் கூரை திருத்தும் கொம்பனிக்காரர் கதவு கதவாகத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். வந்த எல்லோரையும் திருப்பி அனுப்பினேன். ஆனால் அடுத்த மழைக்கு, எழும்ப ஏலாமல் படுத்திருந்த என் கணவரின் கட்டிலுக்கு மேலேயே ஒழுகியது. இன்சூரன்ஸ்காரர் போனை எடுக்கவில்லை. கட்டிலைச் சுவரோடு இழுத்துவிட்டு வாளியை வைத்தேன். இனி யார் வந்தாலும் சம்மதிப்பதென்று இருந்தேன்.

அப்போதுதான் அவர் வந்தார். மெலிந்த தமிழர், ஐம்பது வயதிருக்கும். கூரைக் கொம்பனியொன்றின் மஞ்சள் சட்டை அவருக்குத் தொளதொளவென்று கிடந்தது. பேசும்போது முகத்தைப் பார்க்காமல் கூரையையே பார்த்தார்.

"எங்கை அண்ணை கையெழுத்து வைக்கிறது?" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

ஒழுக்கைக் காட்ட உள்ளே கூட்டிப்போனேன். கட்டிலைக் கண்டதும் கையிலிருந்த ஒப்பந்தத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"வேண்டாம் தங்கச்சி. எங்கடை கொம்பனி ஆக்கள் கூரையைக் கழட்டிப்போட்டு அரைகுறையில விட்டிட்டுப் போயிடுவினம்."

"அப்ப நீங்கள் ஏன் அவையோடை நிக்கிறியள்?"

"எனக்கும் வேறை வழியில்லை."

தன் காரின் மேலிருந்த ஏணியை இறக்கி, நீலத் தார்ப்பாய்ப் படங்கொன்றால் கூரையை மூடிக் கட்டினார். ஒழுக்கு நின்றது. தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன், மறுத்துவிட்டார்.

பிறகு ஒப்பந்தத்தைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மணியை அடித்தார். கதவு திறந்தது, உள்ளே போனார். அங்கே அவர் என்ன சொன்னாரென்று அந்த வீட்டாரிடம் கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.