முழங்கால் தேய்ந்த கால்சட்டை

படைமுகாம் சலவைக்கூடத்தில் அவளுக்கு மோப்பக்காரி என்று பெயர். போர் தொடங்கியதும், எதிரிக்குத் தெரியக்கூடாதென்று சீருடைகளிலிருந்த படைப்பிரிவுச் சின்னங்களை எல்லாம் பிய்த்துவிட்டார்கள். அவளுக்குச் சின்னம் எதற்கு? கிரீஸ் நாற்றம் அடித்தால் டாங்கிப் படை. சட்டைக் கையில் வெடிமருந்துக் கரி என்றால் பீரங்கிப் படை. முழங்காலும் முழங்கையும் தேய்ந்து மண் ஏறியிருந்தால், தரையோடு ஊர்ந்து முன்னேறும் காலாட்படை. மடிப்புக் கலையாமல் வந்தால் மேலதிகாரி.

அவள் கணவன் படையில் சேர்ந்தது சரக்கு லாரி ஓட்டுவதற்காக. விடுப்பில் வந்தவனின் உடுப்பைத் துவைக்க எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கால்சட்டையின் முழங்கால்கள் நைந்து, மண் அப்பியிருந்தது.

"ஏங்க, லாரியை முட்டி போட்டா ஓட்டுறீங்க?"

"டயர் மாத்துனேன்டி."

"முழங்கையாலயா? சட்டையும் கிழிஞ்சிருக்கே!"

அவன் தலை குனிந்தான். "என் லாரிக்குத் தளபதியோட மச்சான் வந்துட்டான். என்னை முன்வரிசைக்குத் தள்ளிட்டாங்க. நாளைக்குத் திரும்பணும். எல்லாம் விதி, விடு."

"விதிக்கு ஏதுங்க மச்சான்?"

அவள் கால்சட்டையைத் தண்ணீரில் நனைக்கவில்லை. அழுக்கோடு சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"எங்கடி போற?"

"தளபதி வீட்டுக்கு. மச்சானோட கால்சட்டையையும் கொண்டாரச் சொல்றேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கட்டும்."

"ஐயோ, உன் வேலையே போயிடும்!"

"போனா வேலைதானே போகும்?" என்றாள், படியிறங்கியபடியே.