குட்ரூனின் இறக்கையில் நான் ஒட்டிய துணி

குட்ரூன் என்னை நம்பவில்லை என்ற கோபம் எனக்குப் பதினொரு வருஷமாக இருந்தது. நான் லிம்ஃபியோர்டு என்ற கடற்கழியின் கரையில் படகு வார்ப்பவன். ஃபைபர் துணியும் பிசினும்தான் என் பிழைப்பு. அவள் தபால்காரி. பழைய பன்றிக் கொட்டகையில் தனக்கென்று ஒரு விமானம் கட்டினாள். உதவிக்கு என்னைத்தான் கூப்பிட்டாள். ஆனால் நான் ஒட்டிய இடத்தையெல்லாம் நடுவில் துளையுள்ள ஐந்து குரோனர் நாணயத்தால் தட்டிக் கேட்பாள். கணீரென்றால் சரி, பொத்தென்றால் உள்ளே காற்று.

“நாப்பது படகு பண்ணியிருக்கேன். ஒருத்தனும் தட்டிப் பாத்ததில்ல.”

“படகு மூழ்கினா நீந்தி வரலாம், தோர்கில். இது விழுந்தா நீயா வந்து பிடிக்கப்போற?”

ஒவ்வொரு கலவையிலும் மிச்சத்தைக் கோப்பையில் விட்டு, தேதி எழுதி ஜன்னலில் வைக்க வேண்டும். கோப்பையில் நகம் இறங்கினால் இறக்கையில் இருப்பதும் இறுகவில்லை என்று அர்த்தம்.

ஒரு பிப்ரவரியில், அவள் தபால் கொடுக்கப் போயிருந்தபோது, இடது இறக்கையை உள்ளே தாங்கும் தண்டுக்கு மேல் பலப்படுத்தும் துணியை ஒட்டினேன். கடுங்குளிர். குளிரில் படகுப் பிசினுக்கு, அதை இறுக வைக்கும் ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டுவோம். அந்தப் பழக்கத்தில் கை ஊற்றிவிட்டது. விமானப் பிசினில் அளவு பிசகினால் அது ஒருநாளும் சரியாக இறுகாது. இரண்டு நாள் பொறுத்துக் கோப்பையை அழுத்தினேன். நகம் இறங்கியது. சரியான அளவில் வேறொரு கோப்பை கலந்து, என் வீட்டு அடுப்பருகே இறுகவிட்டு, அதே தேதியை எழுதி மாற்றி வைத்தேன்.

சனிக்கிழமை கோப்பையை அழுத்தினாள். இறக்கையைத் தட்டினாள். உள்ளே காற்று இல்லை, கணீரென்றது.

“இந்தத் தடவ ஒரு குறையும் இல்லடா,” என்று காபி ஊற்றிக் கொடுத்தாள். அவள் என்னை மெச்சியது அந்த ஒரு முறைதான்.

மே மாதம் பறக்க நாள் குறித்தாள். அதற்கு முந்திய வாரம், ஒளித்து வைத்திருந்த அந்த இறுகாத கோப்பையை அவள் முன் வைத்தேன். நகத்தால் அழுத்தினாள். திட்டவில்லை.

“எந்த இடம்?”

சாக்கட்டியால் கோடு போட்டேன். அரைக்கும் மெஷினை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.

அரைத்தெடுத்து மறுபடி ஒட்ட அந்தக் கோடை முழுதும் போயிற்று. குளிர்காலத்தில் அவளுக்குக் காது மங்கியது. வசந்தத்தில் மருத்துவர் அவளைப் பறக்கவிட மறுத்துவிட்டார். அவளுக்கு வாய்த்த ஒரே கோடையை நான் தின்றுவிட்டேன்.

வேறொருவர் அந்த விமானத்தை ஓட்டிப் பார்க்க வந்த காலையில், அவள் இடது இறக்கையைத் தட்டினாள். தலையைச் சாய்த்து மறுபடியும் தட்டினாள். பிறகு நாணயத்தை என்னிடம் நீட்டினாள்.

“எனக்கு ஒண்ணும் கேக்கல. நீ தட்டு. கேக்கறத அப்படியே சொல்லு.”