இருபது வாட் ஆம்ப்பில் ஹார்டு ராக்

1. ஹெட்ஃபோன் வீரர்

புனே பக்கத்துப் பிம்ப்ரியில் கிட்டார், ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்து, "மெக்கானிக் இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். நான்தான் மெக்கானிக் என்றால் ஒரு முழி முழிப்பார்கள். செந்தில் அதைக்கூடக் கேட்கவில்லை. அவருக்கு அவ்வளவு அவசரம்.

செந்தில் கோயம்புத்தூர்க்காரர். பாணேரில் ஃப்ளாட், ஐ.டி. வேலை, நாற்பது வயதில் பிடித்த கிட்டார் பைத்தியம். ஆபீஸ் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருந்தார்கள். அதில் பாடுகிற ம்ருணாள் கறாராகச் சொல்லிவிட்டாளாம்: சனிக்கிழமை ப்ராக்டீஸிலும் கிட்டார் கேட்காவிட்டால், மறுநாள் நிகழ்ச்சிக்கு வேறு ஆள்.

"இந்த பேண்ட் ஒண்ணுக்காகத்தானுங்க அக்கா வாரம் பூரா ஓட்டறேன். விலை ஜாஸ்தியானாலும் வால்வ் ஆம்ப் ஒண்ணு வாங்கிட்டா சரியாயிடுமுங்களா?"

"வீட்டுல கேட்டாச்சா?"

"கேட்டா கிட்டாரோட சேத்து என்னையும் வெளிய அனுப்பிருவாங்க."

கையில் இருந்தது ஒரு சல்லிசான கிட்டார், சத்தத்தை முரட்டாக்குகிற ஒரு டிஸ்டார்ஷன் பெடல், இருபது வாட் ஆம்ப். டோனை எப்படி செட் பண்ணினீர்கள் என்று கேட்டேன்.

"ஹெட்ஃபோன்லதானுங்க. அபார்ட்மெண்ட் சொசைட்டில சத்தம் வந்தா வாட்ஸ்அப்புல கிழிச்சு எடுத்துருவாங்க."

"அரே, ஹெட்ஃபோன்ல எல்லாரும் ஸ்டார்தான்! இருக்கிறதை வச்சே நான் பண்ணித் தர்றேன், விடுங்க" என்று ஜம்பமாகச் சொன்னேன்.

2. என் கைவரிசை

துருப்பிடித்த ஸ்ட்ரிங்கை எல்லாம் மாற்றினேன். ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் காந்தம் அதை முட்டிக்கொண்டு நின்றது; கொஞ்சம் இறக்கினேன். கேபிள் சொருகுகிற இடத்தில் கரகரத்த ஜாக்கைப் பிரித்து சால்டர் வைத்தேன். இது வரைக்கும் நான் செய்தது சரி.

அப்புறம்தான் புத்தி கெட்டது. பெடலில் முரட்டுச் சத்தத்துக்கான கெயின் ஃபுல், ஆம்ப்பில் பாஸ் ஃபுல், ட்ரெபிள் ஃபுல், மிட் ஜீரோ. ஒரு கார்ட் அடித்ததும் ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது.

"புல்லரிக்குதுங்கக்கா!" என்றார் செந்தில். எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது.

3. சனிக்கிழமை மதியம்

போன் வந்தது. "அக்கா, ஒண்ணுமே கேக்கலீங்க." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஷட்டரை இழுத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

ப்ராக்டீஸ் ரூமில் நின்று கேட்டேன். ட்ரம்ஸ் இடிக்கிறது, பாஸ் கிட்டார் உறுமுகிறது. செந்தில் கை மட்டும் பேயாக ஆடுகிறது. சத்தமோ, கேஸ்கட் போன குக்கர் மாதிரி வெறும் உஸ்ஸ்.

அப்போதுதான் உறைத்தது. அவர் ஹெட்ஃபோனில் தனியாகக் கேட்டார், நான் கடையில் தனியாகக் கேட்டேன். வித்தியாசம் ஒன்றும் இல்லை. கீழ்ச் சத்தத்தை பாஸ் கிட்டார் விழுங்கிவிட்டது, மேல் சத்தத்தை ட்ரம்ஸின் சிம்பல் தட்டு விழுங்கிவிட்டது. கிட்டாருக்கு என்று இருக்கிற நடுச் சத்தம்தான் மிட். அதை ஜீரோவில் மூடி அனுப்பிய மகராசி நான்தான்.

தரையில் கிடந்த ஆம்ப்பை ஒரு பிளாஸ்டிக் சேர் மேல் ஏற்றினேன். கெயினைப் பாதியாகக் குறைத்தேன், பாஸையும் இறக்கினேன், மிட்டை முக்கால்வாசி திறந்தேன். வாசிக்கச் சொன்னேன்.

"அக்கா, தகர டப்பா மாதிரி இருக்குதுங்க!"

"தனியா அப்படித்தான் இருக்கும். பேசாம அவங்களோட சேர்ந்து வாசிங்க."

ட்ரம்ஸ் ஆரம்பித்தது. ரெண்டே தாள வட்டத்தில் கிட்டார் முன்னால் வந்து நின்றது, முரட்டுத்தனமாக, தெளிவாக. ட்ரம்மர் பையன் நிமிர்ந்து பார்த்தான்.

பாட்டு முடிந்து ம்ருணாள் மைக்கை இறக்கினாள். "இன்னைக்குக் கேட்டுது" என்று ஹிந்தியில் சொன்னாள். செந்தில் முகம் பல்பு மாதிரி எரிந்தது. அவள் நிறுத்தவில்லை. "செந்தில்ஜி, ரெண்டாவது பல்லவியில வாசிச்சது தப்பான கார்ட். இத்தனை நாளா இதையேதான் வாசிச்சிட்டிருந்தீங்களா? வேற ஆள் வேண்டாம். நாளைக்குள்ள அதை மட்டும் சரி பண்ணிடுங்க."

செந்தில் என் பக்கம் குனிந்து தமிழில் குசுகுசுத்தார். "அக்கா, கெயினை மட்டும் கொஞ்சம் ஏத்திக்கட்டுங்களா?"

கையைத் தட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து ட்ரம்ஸ் ட்ராக் ஓடாமல் எந்த ஆம்ப்பிலும் நான் டோன் வைப்பதில்லை. புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்: கெயினைக் குறையுங்கள், மிட்டைத் திறவுங்கள். நல்ல டோன் கிடைக்கும். கூடவே உங்கள் தப்பும் ஊருக்கே கேட்கும். அதற்கு என் கடையில் ஸ்பேர் பார்ட் கிடையாது.