உபதேசியார் முடிக்காத படம்

இங்கே கதவுக்கு உள்பக்கத்தில்தான் பூட்டு. வெளியே நிற்பவர் மணியடித்தால் திறந்துவிடுவார்கள். உள்ளே இருப்பவர் வெளியே போக, சுவரில் இருக்கும் பொத்தான்களில் ஒரு எண்ணை அழுத்த வேண்டும். கள்ளனுக்குப் பயந்து கதவைப் பூட்டும் அருமனை என்ற ஊரில் வளர்ந்தவள் நான். இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் இந்த முதியோர் இல்லத்திலோ, இருக்கிறவர்கள் போய்விடக் கூடாதே என்று பூட்டுகிறார்கள். மறதி நோய்க்காரர்கள், வழி தவறிவிடுவார்கள், நியாயம்தான். தினமும் மாலை நான்கு மணிவாக்கில் ஆர்தர் என்ற கிழவர் கோட்டு மாட்டி, தொப்பி வைத்துக்கொண்டு கதவருகே வந்துவிடுவார். வீட்டுக்குப் போகணும், எண் என்ன என்று என்னிடம் கேட்பார். சொல்லக் கூடாது என்பது இங்கே விதி. தேநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று நான் சொல்ல வேண்டும். குடித்து முடிப்பதற்குள் அவருக்கு அது மறந்துபோகும்.

ஆர்தர் லாரி ஓட்டியவர். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தெரியாது. இளமையில் பார்த்த கௌபாய் படம் ஒவ்வொன்றும் மனப்பாடம். போன மாதம் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வந்தது. பழைய கௌபாய் படம் ஒன்றைப் புதிதாக எடுத்திருக்கிறார்களாம். மணல்காட்டு நடுவில் ஒரு கோயில், சாய்ந்த சிலுவை, அடிபட்டு வரும் குதிரைக்காரன். ஆர்தர் கைதட்டினார். நான் சூப்புக் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அட, இது எங்கள் உபதேசியார் படமல்லவா!

எங்கள் கிறிஸ்தவ சபையில் சினிமா பாவம். கொட்டகைப் பக்கம் போனவனுக்குக் கோயிலில் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்து கிடையாது. ஆனால் ஒரு வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு, காணிக்கையாக வந்த பலாப்பழமும் சேவலும் ஏலம் போட்டு முடிந்த பிறகு, இயேசுநாதர் படம் காட்டுவதாக ஏற்பாடு. படக்காரன் கொண்டுவந்த பெட்டி மாறிப்போனது யாருக்கும் தெரியாது. கோயிலில் கட்டிய வெள்ளை வேட்டியில் படம் விழுந்தது. தாடிக்காரர், பாலைவனம், கோயில், சிலுவை, வேறென்ன வேண்டும்? எங்கள் ஊரில் வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் பிரசங்கம் பண்ணினால் வரிக்கு வரி தமிழில் சொல்ல ஒருவர் பக்கத்தில் நிற்பது வழக்கம். அந்தப் பழக்கத்தில், எங்கள் சபையை நடத்தும் உபதேசியார் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். குதிரைக்காரன் வாய் திறக்கும்போதெல்லாம், "நான் தூரதேசத்திலிருந்து வருகிறேன், என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று வேதாகமத் தமிழில் முழங்கினார். பெண்கள் அழுதார்கள். நானும் அண்ணனும் பாயில் உட்கார்ந்து பார்த்தோம். குதிரைக்காரன் கோயிலுக்குள் போய்த் தாழ்போட்டான், சுற்றிலும் துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள். முதல் வெடி வெடித்ததும் உபதேசியாருக்கு விஷயம் பிடிபட்டது. ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார். மீதியைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டார்.

குதிரைக்காரன் வெளியே வந்தானா? வந்தான் என்று அண்ணனும், இல்லை என்று நானும் வருஷக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறோம். இந்தப் படத்தைக் கோயிலில் பார்த்தேன் என்று ஆர்தரிடம் சொன்னேன். பாவம், இவளுக்கும் தொடங்கிவிட்டது என்பதுபோல் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

என் விசா இந்த இல்லத்தோடு கட்டிப்போட்ட விசா. வேலையை விட்டால் வேறு முதலாளி கிடைக்காத பட்சத்தில் நாட்டை விட்டுப் போக வேண்டும். கணவரையும் மகளையும் கூட்டிவர இந்த விசாவில் வழியில்லை. மகளுக்கு அடுத்த மாதம் திடப்படுத்தல். வெள்ளை உடுப்பு போட்டுப் பேராயர் முன் முழங்காலில் நிற்பாள், முதல் திருவிருந்து எடுப்பாள். அதற்கு லீவு கேட்டேன். ஆளில்லை என்று மேலாளரம்மா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். சிரிக்காமல் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்தில் அந்தப் புதுப் படத்தைப் போட்டார்கள். ஆர்தர் பக்கத்தில் நாற்காலி இழுத்து உட்கார்ந்தேன். வேலை நேரத்தில் உட்காரக் கூடாது, உட்கார்ந்தேன். கடைசியில் குதிரைக்காரன் பசியும் தாகமுமாய்க் கதவைத் திறந்தான். வெளியே ஒருவருமில்லை. துப்பாக்கிக்காரர்கள் எப்போதோ போய்விட்டார்களாம். இவன்தான் பயந்து உள்ளேயே கிடந்தானாம். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. இந்தப் படம் எடுத்தவன் ஒருநாளும் விசாவுக்கு நின்றிருக்க மாட்டான்.

ஆர்தரும் கோபமாகத் தலையாட்டினார். பழைய படத்தில் இப்படி இல்லையாம். ஊர்ச்சனம் முழுக்க, கிழவி முதல் கைக்குழந்தைக்காரி வரை, வந்து கோயிலைச் சுற்றி நிற்பார்களாம். துப்பாக்கிக்காரர்கள் சுட முடியாமல் நிற்க, அவனை நடுவில் வைத்துக் கூட்டிப்போவார்களாம். அப்படிச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது, எனக்கும்தான்.

படம் முடிந்து, என் ஓய்வு நேரத்தில் துணி துவைக்கும் அறைக்குள் போய் அண்ணனைக் கூப்பிட்டேன். ஊரில் இரவு ஜெபம் முடிந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தான். எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொன்னேன். ஊர்ச்சனம் வந்தார்கள், கூட்டிக்கொண்டு போனார்கள் என்றதும், நான்தான் அன்றே சொன்னேனே என்று குதிப்பான் என்று நினைத்தேன். அவன் குதிக்கவில்லை.

"அவனுக்கு ஆளு வந்துச்சு, செரி. ஒனக்கு அங்க அப்பிடி வந்து நிக்க யாருட்டி உண்டு?"

மகளின் உடுப்பு தைத்தாயிற்றா என்று கேட்டேன். தைத்தாயிற்று, நீளம் கொஞ்சம் கூடிப்போனது, மடித்து அடித்திருக்கிறது, நீ வரும்போது வளர்ந்திருப்பாள், அவிழ்த்துவிடலாம் என்றான். அழுகை வந்தது. மிஷின் ஓடுகிறது, காது கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வெளியே வந்தபோது நான்கு மணி ஆகியிருந்தது. கதவருகே ஆர்தர் கோட்டும் தொப்பியுமாக நின்றார். கையில் இன்னொரு கோட்டு. ஆணியில் தொங்கிய என்னுடையதை எடுத்து வைத்திருந்தார். இன்று எண்ணைக் கேட்கவில்லை. நீயும் வருகிறாய்தானே, சேர்ந்தே போவோம் என்றார்.

எண் எனக்குத் தெரியும். கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன். எதிரே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கார்களும் மழையும் தெரிந்தன.

"சாயா குடிச்சிட்டுப் போவோம்" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, தலையாட்டினார். இரண்டு பேரும் கோட்டைக் கழற்றாமலே மேசையில் போய் உட்கார்ந்தோம்.