முதல் தழையும் இரண்டாவது பேருந்தும்

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, மாலை. பட்டுப்புழுக்கள் மூன்றாவது முறை தோலுரித்து எழுந்த மறுநாள். இண்டூரில் எங்கள் புழுமனையில் அண்ணனும் நானும் மல்பெரித் தழை போட்டுக்கொண்டிருந்தபோது, அண்ணன் மகள் படிக்கும் கல்லூரியிலிருந்து ஆசிரியை பேசினார். கை நிறையத் தழை இருந்ததால் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

முதலாண்டு மாணவர்களில் யார் படிப்பை முடிப்பார்கள், யார் பாதியில் நிற்பார்கள் என்று வருகைப்பதிவைக் கொண்டு முன்கூட்டியே கணிக்கும் முறை அந்த ஆண்டுதான் அங்கே வந்திருந்தது.

"உங்க பொண்ணு பேரு செவப்புல வருதுங்க. பாதியில நின்னுடுவாங்கன்னு கம்ப்யூட்டர் காட்டுது. வூட்ல கொஞ்சம் பாத்துக்கங்க."

"சரிங்க மேடம்" என்று அண்ணன் வைத்துவிட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். காலையில் முதல் தழை அறுத்துப் போடுவது அவள் வேலை. அதை முடித்துவிட்டு ஓடினால் இரண்டாவது பேருந்துதான் கிடைக்கும். அது தருமபுரி போய்ச் சேர்வதற்குள் முதல் வகுப்பு முடிந்துவிடும். முதல் வகுப்பு தவறினால் வருகைப்பதிவில் அரை நாள் வரவில்லை என்றாகிவிடும்.

"பஸ்ஸுதாண்ணா லேட்டு. புள்ள மேல தப்பில்ல."

"காலேஜே சொல்லுது. நீ என்னடா வக்கீலு? புஸ்தகம் படிச்சுப் படிச்சு இப்படியே பேசு."

பேசிக்கொண்டே, மற்றவற்றோடு தோலுரிக்காமல் சுருங்கிக் கிடந்த புழுக்களைப் பொறுக்கிச் சுண்ணாம்பு வாளியில் போட்டார். எங்கள் தொழிலில் அப்படித்தான். பின்தங்கிய புழு கூடு கட்டாது. விட்டுவைத்தால் தழையும் வீண், நோயும் பரவும்.

"நேரத்தோட தெரிஞ்சதே நல்லதாப் போச்சு" என்றார்.

அண்ணன் கல்நெஞ்சர் அல்ல. அவளைக் கல்லூரியில் சேர்த்த அன்று, கல்யாணத்துக்குப் போகிறவர் போல் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு போனவர். ஆனால் படிப்பை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். வேண்டாம் என்று புழு கூடு கட்டும்வரை தினமும் கேட்டுப் பார்த்தேன். மசியவில்லை. கூடு விற்ற மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு மூவரும் கல்லூரிக்குப் போய் மாற்றுச் சான்றிதழ் கேட்டோம்.

ஆசிரியை எழுந்தே நின்றுவிட்டார். சின்ன வயது அவருக்கு. "நான் நிறுத்தச் சொல்லலீங்களே. கவனிச்சுக்கங்கன்னுதானங்க சொன்னேன்."

"உங்களக் குத்தம் சொல்லலீங்க மேடம். மூணு வருசம் வீணாகாமக் காப்பாத்துனீங்க." அண்ணன் கைகூப்பினார். மனதாரத்தான் கூப்பினார்.

நான் தழையையும் பேருந்தையும் சொன்னேன். ஆசிரியை அதைப் பிடித்துக்கொண்டார். "அவ்வளவுதானுங்களா? மொத பஸ்ஸுல வந்தா எல்லாம் மாறிடுமுங்க. டெஸ்டெல்லாம் நல்லா எழுதியிருக்கா."

"ஆறுதலுக்குச் சொல்றீங்க" என்று அண்ணன் சிரித்தார்.

ஆசிரியை அவளிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. படிக்கணுமா, வேண்டாமா?"

அவள் ஒரு வார்த்தை கேட்டால் அண்ணன் இளகிவிடுவார். அந்த நம்பிக்கையில்தான் நானும் கூடப் போயிருந்தேன்.

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நல்லாப் படிக்கிறேன்னுதான் நெனச்சிருந்தேன் மேடம். கம்ப்யூட்டர்ல அப்படி வருதுன்னா, எனக்கே தெரியாம ஏதோ கொற இருக்குதுங்களா?"

"அப்படியில்லம்மா..." என்று ஆசிரியை தொடங்கினார். அதற்குள் அவள் பேனாவை எடுத்து, சான்றிதழ் விண்ணப்பத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று என்னைக் கேட்டாள்.