பெய்யாத வருடங்கள்

1991 முதல் வருடத்துக்கு ஒரு நோட்டு வைத்து, ஆமத்தூரில் நான் கண்டதையெல்லாம் தேதி போட்டு எழுதி வருகிறேன். 2005 பங்குனியில் ஒரு சாயங்காலம், வீட்டு வாசலில் கூடியிருந்த அக்கம்பக்கத்தாருக்கு அவற்றிலிருந்து வாசித்துக் காட்டினேன். விருதுநகர் அம்மன் கோவிலில் பங்குனிப் பொங்கலுக்குக் கொடி ஏறினால் மூன்று நாளுக்குள் மழை உண்டு என்பார்கள். அதற்கு என்னிடம் ஏழு வருடச் சாட்சி இருந்தது.

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி வேனில் அப்போதுதான் வந்து இறங்கிய என் மனைவி, கை கழுவிக்கொண்டே கேட்டாள்:

“பெய்யாத வருசத்த எந்தப் பக்கத்துல எழுதியிருக்கீக?”

“பெய்யாதத எவன் எழுதுவான்? ஒனக்கு என்ன தெரியும்?” என்றேன்.

“மேகம் கூடுனா, காயப்போட்ட திரி அம்புட்டையும் வாரி உள்ள போடுவோம். பாதி நாளு ஒரு பொட்டு விழாது. திரும்பக் கொண்டாந்து காயப்போடுவோம். ஆனா நனைஞ்ச அன்னிக்குத்தான் ஊரெல்லாம் பேச்சு. ஒங்க நோட்டும் அப்பிடித்தான?”

எதிர்வீட்டுக்காரர் விடவில்லை. “அண்ணாச்சி, எதிர்த்தரப்பு வக்கீல வீட்டுக்குள்ளயே வச்சிருக்கீகளே!”

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் நோட்டுகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். பதினான்கு பங்குனிகளில் ஏழுக்கு மழை எழுதியிருந்தேன். மற்ற ஏழில் கொடியேற்றம் இருந்தது, மழை பற்றி ஒரு சொல் இல்லை. நமக்குப் பிடித்த முடிவுக்கு எதிரான சாட்சியை நாமே தேடிப் போவதுதான் ஆராய்ந்து சிந்திப்பது என்று புத்தகங்களில் வாசித்து, அடிக்கோடும் போட்டிருந்தேன். எனக்குப் பிடித்த முடிவு என் நோட்டிலேயே இருந்தபோது தேடத் தோன்றவில்லை.

அவள் சொன்னது சரி என்று அவளிடம் சொல்லவில்லை. அன்று முதல் ‘மழை இல்லை’ என்றும் எழுதத் தொடங்கினேன், அவ்வளவுதான்.

2009 மாசியில் அவள் இறந்தாள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் முதலில் கேட்பது போல வெடிவிபத்து இல்லை, மஞ்சள் காமாலை.

அதன்பிறகு அவளைத் தேடி எல்லா நோட்டுகளையும் வாசித்தேன். ‘சண்டை.’ ‘பேசவில்லை.’ ‘கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள்.’ வேறெங்கும் அவள் இல்லை. நாங்கள் ஒத்துப்போகாமலேயே வாழ்ந்து முடித்தவர்கள் என்றுதான் அந்நியர் ஒருவர் நினைப்பார். அப்படித்தான் இருந்தோமோ என்று நானே பயந்துபோனேன். பல வாரங்கள் அந்தப் பயம் இருந்தது. பிறகுதான் அவள் கேள்வி நினைவுக்கு வந்தது. சண்டை போடாத நாட்களை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்?

இப்போது தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். நிச்சயமாக நினைவிருப்பதை மட்டும் அதில் எழுதுகிறேன். முதல் பக்கம் இது:

‘வேனிலிருந்து இறங்கினாள். புருவத்தில் வெள்ளி நிற வெடிமருந்துத்தூள். துடைத்துவிட்டேன். ஏதோ சொன்னாள், இருவரும் சிரித்தோம். மழை இல்லை. தேதி தெரியவில்லை.’